படிவப் பெட்டியை ஒரே முறை எழுதுவது எப்படி? காரைக்குடியில் எங்களிடம் வரும் கேள்விகள்

காரைக்குடியில் இரண்டு பேர் சேர்ந்து வெப்சைட்டும் மொபைல் ஆப்பும் செய்து கொடுக்கிறோம். வாடிக்கையாளர்கள் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரம்தான். வெளியூருக்குப் பலகாரம் அனுப்புகிற ஆச்சி ஒருவர், ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) செய்யும் ஒரு பட்டறை, கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கிய குடும்பம், ஒரு கல்யாண மண்டபம். யாராக இருந்தாலும் கடைசியில் கேட்கவேண்டியது பெயர், போன், விலாசம், எத்தனை, என்றைக்கு. இந்த ஐந்தையும் ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எழுதி அலுத்துப்போய், ஒருமுறை எழுதி எங்கும் பொருத்துகிற மாதிரி மாற்றிக்கொண்டோம். அதைப் பார்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் எங்களைப் போலத் தொழில் செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

ஒரு இன்புட் போட்டால் முடிந்தது. அதற்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பலகாரக் கடைக்கு முதலில் செய்ததில் ஐந்து படிவங்கள்: ஆர்டர், மொத்த ஆர்டர், புகார், திரும்ப அழைக்கச் சொல்லும் படிவம், பதிவு. ஐந்திலும் போன் பெட்டி உண்டு. முதல் படிவத்தில் எழுதியதை மற்ற நான்கிலும் ஒட்டினேன். விதி: சரியாக 10 இலக்கம்.

அந்தத் தீபாவளிக்கு சிங்கப்பூரில் இருந்து ஒருவர் பள்ளத்தூரில் இருக்கும் அம்மாவுக்குத் தேன்குழலும் மணகோலமும் அனுப்பச் சொல்லி ஆர்டர் போட்டார். சிங்கப்பூர் எண் 8 இலக்கம். பெட்டி விடவில்லை. அவர் என்ன செய்வார் பாவம், முன்னால் இரண்டு சைபர் போட்டு 10 ஆக்கிவிட்டார். பெட்டிக்குத் திருப்தி. ஆச்சி மூன்று நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இந்த நம்பருக்குப் போனே போகலையே" என்றார். ஆர்டர் படிவத்தில் விதியை மாற்றினேன். மற்ற நான்கில் மாற்ற மறந்துவிட்டேன். பொங்கலுக்கு அதே கதை, இந்த முறை மொத்த ஆர்டரில், மலேசியாவில் இருந்து.

கண்டிப்பு அதிகமாகும்போது மனிதர்கள் பொய் சொல்லிக் கடந்துபோவார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஒரே விதி ஐந்து இடத்தில் இருந்தால் அது ஐந்து விதி என்பதும்தான்.

அப்படியானால் ஒரு பெட்டிக்குள் என்னென்ன இருக்கவேண்டும்?

மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வெளிச்சட்டம். லேபிள், கீழே சின்ன எழுத்தில் வரும் குறிப்பு, எர்ரர் வரி, கட்டாயமா இல்லையா என்ற அடையாளம். உள்ளே எந்தப் பெட்டி வந்தாலும் இது மாறாது. இரண்டு, கட்டுப்பாடு. தட்டச்சு செய்யும் பெட்டியோ, தேர்ந்தெடுக்கும் பட்டியலோ, தேதியோ. மூன்று, விதி. இது திரையில் இல்லாத சாதாரண ஃபங்ஷன். ஒரு மதிப்பை வாங்கி, சரி என்றோ என்ன கோளாறு என்றோ திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான். நாங்கள் திரை கட்டப் பயன்படுத்தும் கருவிகளான ரியாக்டும் அதற்குத் தெரியாது, ஃப்ளட்டரும் தெரியாது.

புதிதாகச் செய்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே காம்பொனென்ட்டில் (திரையின் ஒரு துண்டில்) திணிப்பார்கள். முதல் மாதம் நன்றாக இருக்கும். பிறகு "போனா?", "பின்கோடா?", "பணமா?", "ஐகான் இடப்பக்கமா?" என்று ப்ராப்ஸ் (அதற்கு வெளியில் இருந்து கொடுக்கும் அமைப்புகள்) ஏறிக்கொண்டே போய் முப்பதைத் தொடும். அதைத் தொடவே பயம் வரும். சட்டம் தனியாக இருந்தால் போன் பெட்டி என்பது சட்டம், எழுதும் பெட்டி, போன் விதி மூன்றையும் சேர்த்துக் கட்டிய பத்து வரி.

இன்னொன்று. முதல் நாளே இதைச் செய்யாதீர்கள். இரண்டு இடத்தில் நகல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவது இடம் வரும்போதுதான் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கண்ணுக்குத் தெரியும்.

விதியை எந்த வரிசையில் எழுதுவது?

முதலில் சுத்தம் செய்யுங்கள். பிறகு சரிபாருங்கள். பெரும்பாலான படிவங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, அல்லது சுத்தம் செய்வதே இல்லை.

போன் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 10 இலக்கம்தானே என்று மேக்ஸ்லெங்த் (எத்தனை எழுத்து வரை என்ற வரம்பு) 10 வைத்திருக்கிறீர்கள். ஒருவர் வாட்ஸாப்பில் வந்த எண்ணை நகலெடுத்து ஒட்டுகிறார். மாதிரிக்கு "+91 98765 43210" என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி 1, 91 என்பது 2, இடைவெளி 1, அடுத்த ஐந்து இலக்கம், இன்னொரு இடைவெளி. அங்கேயே 10 ஆகிவிட்டது. பிரவுசர் மீதியை வெட்டிவிடும். பெட்டியில் நிற்பது பாதி எண். ஒட்டியவருக்கு ஏன் எர்ரர் வருகிறது என்றே புரியாது, சரியான எண்ணைத்தானே ஒட்டினார்!

எங்கள் போன் விதி செய்வது இது: இடைவெளி, கோடு, அடைப்புக்குறி, நகலெடுக்கும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத திசைக்குறிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடும். முன்னால் +91 இருந்தால், அல்லது 0 போட்டு 11 இலக்கமாக இருந்தால், அதைக் கழிக்கும். மிச்சம் 10 இலக்கமாகவும் 6, 7, 8, 9இல் ஒன்றில் தொடங்குவதாகவும் இருந்தால் இந்திய மொபைல். கூட்டல் குறியுடன் வேறு நாட்டுக் குறியீடு இருந்தால் அந்த நாட்டு விதிக்கு அனுப்பும். அதை நாங்களே எழுதவில்லை. கூகுளின் லிப்ஃபோன்நம்பர் என்ற லைப்ரரி இருக்கிறது, அதைக் கேட்கிறோம். சேமிக்கும்போது எப்போதும் நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவம். திரையில் காட்டும்போது ஐந்தைந்தாகப் பிரித்துக் காட்டலாம். அது காட்சி மட்டும்தான், சேமிப்பில் கலக்காது.

பின்கோடும் இப்படித்தான். 6 இலக்கம், முதல் இலக்கம் சைபர் அல்ல. கடிதங்களில் 630 001 என்று நடுவில் இடைவெளி விட்டு எழுதுகிற பழக்கம் நமக்கு உண்டு. அதற்கு எர்ரர் காட்டினால் கோளாறு உங்களிடம்.

எர்ரரை எப்போது காட்டுவது?

ஒரு எழுத்து தட்டியதும் "சரியான மின்னஞ்சல் இல்லை" என்று சிவப்பில் கத்துகிற படிவம், திண்ணையில் கால் வைத்ததுமே யார் என்ன என்று அதட்டுகிற காவல்காரன் மாதிரி. வந்தவர் வாயைத் திறக்கட்டும்.

நாங்கள் வைத்திருக்கும் முறை: பெட்டியை விட்டு வெளியேறும்போது முதல் தடவை சரிபார்ப்பு. ஒன்றும் எழுதாமல் கடந்துபோனால் அப்போதும் பேசாது, அனுப்பும்போது பேசும். ஒருமுறை எர்ரர் காட்டிவிட்டால் அதன்பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் பார்த்து, சரியான அந்த நொடியே எர்ரரை எடுத்துவிடும். ஃப்ளட்டரில் தானாகச் சரிபார்ப்பதற்கான ஆட்டோவேலிடேட்மோடில் ஆன்யூசர்இன்டராக்ஷன் என்று ஒன்று இருக்கிறது. அது தட்டத் தொடங்கியதுமே பேசும், எங்களுக்கு அது கொஞ்சம் அவசரக்காரத்தனம். ஃபோகஸைப் பார்த்து நாங்களே சின்னதாக எழுதிக்கொண்டோம்.

அனுப்பு பொத்தானை எல்லாம் சரியாகும்வரை மங்கலாக வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. எந்தப் பெட்டி தடுக்கிறது என்று தேட வைக்கும். அழுத்த விடுங்கள், முதல் தப்பான பெட்டிக்குத் திரையைக் கொண்டுபோங்கள்.

எர்ரர் வாசகத்தைத் தமிழில் வைக்கும்போது ஏன் அசிங்கமாக வருகிறது?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆங்கிலப் படிவங்களில் லேபிளை ஒரு பக்கம் வைத்து, பின்னால் ஒரு நிலையான வாசகத்தை ஒட்டிவிடுவார்கள். அதைத் தமிழில் அப்படியே செய்து "லேபிள் + ஐ நிரப்பவும்" என்று ஒரு அச்சு வைத்தால் என்ன வரும்? "பெயர்ஐ நிரப்பவும்". "எண்ஐ நிரப்பவும்". "விலாசம்ஐ நிரப்பவும்". நம் மொழியில் பெயர் பெயரை ஆகும், எண் எண்ணை ஆகும், முகவரி முகவரியை ஆகும், விலாசம் விலாசத்தை, வீடு வீட்டை. ஒவ்வொன்றும் வேறு வழியில் மாறுகிறது. ஒட்டுப்போட்டு இதைச் சமாளிக்க முடியாது.

இரண்டு வழி. ஒவ்வொரு பெட்டிக்கும் முழு வாக்கியத்தையே எழுதிவைப்பது நல்ல வழி. சோம்பலான வழி, பெயர்ச்சொல் உருமாறாத வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது: "பெயர் தேவை", "விலாசம் தேவை", "எண் தேவை". பொதுப் பெட்டிகளுக்கு நாங்கள் சோம்பலைத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் விதி தோற்கும்போது வருகிற வாசகத்தில் சோம்பல் கூடாது. "தவறான உள்ளீடு" என்பது எதையும் சொல்லவில்லை. "9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்" என்றால் அடுத்து என்ன செய்வது என்று ஆச்சிக்கே தெரியும். அதற்காக எங்கள் விதிகள் வாசகத்தைத் திருப்புவதில்லை. கோளாறின் பெயரையும் எண்ணிக்கையையும் திருப்பும் (குறைவு, இருப்பது 9, வேண்டியது 10). வாசகம் மொழிக் கோப்பில் இருக்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே விதி.

பெயர்ப் பெட்டியில் என்ன விதி வைக்கலாம்?

காலியாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் என் விதி. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்துக் கடைசியைக் கட்டாயமாக்கினால் நம்மில் பாதிப் பேர் இனிஷியலை இரண்டு தடவை எழுதுவார்கள். சரி, இனிஷியலுக்கு ஒரு எழுத்துப் பெட்டி வைக்கலாமா? செட்டிநாட்டில் அது நடக்காது. இங்கே "ராம.", "சித.", "பழ." என்று இனிஷியல் இரண்டு எழுத்தில் வரும், அப்பா பெயரும் ஐயா (தாத்தா) பெயருமாக இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். குடும்பத்து விலாசமே (முகவரி அல்ல, குடும்பத்தின் அடையாளப் பெயர்) இப்படிப்பட்ட எழுத்துக் கோவைதான். கடல் கடந்து கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போன காலத்தில் கடைக்கும் அதுதான் பெயர். வீட்டைக் கேட்டாலும் தெருப் பெயரை விட அந்த விலாசத்தைச் சொன்னால்தான் ஊரில் வழி காட்டுவார்கள். அதனால் ஒரே பெட்டி, முழுப் பெயர், புள்ளியும் இடைவெளியும் அனுமதி.

எழுத்து மட்டும் அனுமதிப்போம் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்தின் வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம்) எழுதுகிறவர்கள் இரண்டு குழியில் விழுவார்கள். ஆங்கில எழுத்து மட்டும் என்று எழுதினால் தமிழே வராது. கொஞ்சம் விவரமானவர்கள் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரத்தில்) "எழுத்து" என்ற வகுப்பைக் கேட்பார்கள். அப்போதும் "வள்ளியம்மை" தோற்கும். காரணம், யூனிகோடுக்கு ள என்பது எழுத்து, மேலே நிற்கும் புள்ளி "குறி". ி, ு, ை போன்ற துணைக்குறிகளும் அப்படித்தான். குறி வகுப்பையும் சேர்த்தால்தான் ஆச்சி பெயர் உள்ளே வரும்.

நீளத்திலும் இதே சிக்கல். "காரைக்குடி" நமக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் 10 என்கிறது, யூடிஎஃப்-8 சேமிப்பில் 30 பைட். "20 எழுத்துக்குள்" என்று குறிப்பு போட்டுவிட்டு லெங்த்தை எண்ணினால் பத்தாவது எழுத்திலேயே தடுத்துவிடுவீர்கள். கண்ணால் பார்க்கிற எழுத்தை எண்ணப் பிரவுசரில் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது.

கூடவே ஒன்று. "கொத்தமங்கலம்" என்பதன் கொ-வை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஊர். ஊர் வாரியாகத் தேடியபோது எங்களுக்குப் பாதி ஆர்டர்தான் வந்தது. சுத்தம் செய்யும் படியில் என்எஃப்சி நார்மலைசேஷன் (இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒன்றாக்குவது) ஒரு வரி சேர்த்தபிறகு ஊர் ஒன்றானது.

தட்டும்போதே சுத்தம் செய்துவிடலாமே?

வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் டிரிம் செய்தால் (முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டினால்) இரண்டு வார்த்தைக்கு நடுவே இடைவெளியே விழாது; இடைவெளி தட்டியதும் அது கடைசியில் நிற்கும், டிரிம் அதைத் தின்றுவிடும். தமிழ் விசைப்பலகையில் இன்னும் மோசம். எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் மதிப்பை மாற்றினால் பாதி எழுத்து போகும், சில சமயம் இரட்டிக்கும். வெளியேறும்போது சுத்தம் செய்யுங்கள்.

எச்டிஎம்எல்லிலேயே ரெக்வயர்ட் (கட்டாயம்), பேட்டர்ன் (வடிவம்) எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராத மெதுவான இணைப்பில் அதுதான் காவல். ஆனால் அது காட்டும் குமிழி வாசகம் பிரவுசரின் மொழியில் வரும், உங்கள் பக்கத்தின் மொழியில் அல்ல. செட்கஸ்டம்வேலிடிட்டி மூலம் உங்கள் வாசகத்தைக் கொடுக்கலாம். நாங்கள் ஸ்கிரிப்ட் ஏறியதும் படிவத்தில் நோவேலிடேட் போட்டு, பிரவுசரின் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு எர்ரரை எங்கள் சட்டத்திலேயே காட்டுகிறோம்.

எண் கேட்கும் பெட்டிக்கு டைப் நம்பர் வைக்காதீர்கள். போன், பின்கோடு எல்லாம் எண்ணிக்கை அல்ல, இலக்கத்தால் ஆன பெயர். டைப் நம்பரில் மேக்ஸ்லெங்த் வேலை செய்யாது, மவுஸ் சக்கரத்தை உருட்டினால் மதிப்பு மாறும். இன்புட்மோட் நியூமெரிக் போதும், மொபைலில் எண் விசைகள் வரும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி பெட்டியைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொகைப் பெட்டியில் எங்களுக்கு ஒரு லட்சம் ஒரு ரூபாய் ஆகிவிட்டது. ஏன்?

பார்ஸ்ஃப்ளோட், எழுத்தை எண்ணாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்! "1,25,000" என்று கொடுத்தால் அது முதல் கமா வரை படித்துவிட்டு 1 என்று திருப்பும், எர்ரரும் வராது. கமாவை எடுத்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் டபுள் ட்ரைபார்ஸ் இதே சரத்துக்கு நல் (null, மதிப்பு இல்லை) தரும். அது எவ்வளவோ யோக்கியம்.

ஒரு பெட்டி இன்னொன்றைச் சார்ந்திருந்தால்?

அதை எந்தப் பெட்டியிடமும் கொடுக்காதீர்கள், படிவத்தின் விதியாக வையுங்கள். டைல்ஸ் பட்டறைப் படிவத்தைச் சொல்கிறேன். அறை அளவு 200 சதுர அடி, கல் 10 அங்குலத்துக்கு 10. ஒரு சதுர அடிக்கு 1.44 கல், ஆக 288. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 302.4, அதாவது 303. ஒருவர் எண்ணிக்கைப் பெட்டியில் 30 என்று எழுதியிருக்கிறார். சைபர் விட்டுப்போனதா, பூஜை அறைக்கு மட்டும் கேட்கிறாரா? பெட்டிக்குத் தெரியாது.

இங்கேதான் தப்புக்கும் சந்தேகத்துக்கும் வித்தியாசம் வைக்கவேண்டும். தப்பு என்றால் அனுப்ப விடாது, சிவப்பு. சந்தேகம் என்றால் மஞ்சளில் "இந்த அளவுக்கு ஏறக்குறைய 303 கல் பிடிக்கும், 30 போதுமா?" என்று கேட்கும், ஆனால் விடும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் அச்சு வைத்து, கையால் சாயம் ஊற்றி, ஒவ்வொன்றாகச் செய்வது. கூடுதலாக 273 கல் பிறகு கேட்டால் அதே நிறம் அப்படியே வரும் என்று பட்டறைக்காரர் வாக்குக் கொடுக்கமாட்டார். அதனால் அந்த மஞ்சள் வரிக்கு அங்கே மதிப்பு உண்டு.

மறைந்திருக்கும் பெட்டி இன்னொரு தொல்லை. நகரத்தார் கோயில் சார்ந்த ஒரு பதிவுப் படிவத்தில் அவர்கள் குடும்பம் ஒன்பது கோயில்களில் எதைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டோம். இளையாற்றங்குடி, மாத்தூர் போன்றவை என்றால் உட்பிரிவையும் கேட்கவேண்டும். உட்பிரிவு இல்லாத கோயில்களுக்கு அந்தப் பெட்டி மறைந்துவிடும். மறைந்தது, ஆனால் கட்டாயம் என்பது மறையவில்லை. பிள்ளையார்பட்டிக்காரர்கள் யாருக்கும் பதிவாகவே இல்லை, திரையில் எர்ரரும் தெரியவில்லை. மறைத்தால் விதியையும் அணையுங்கள், பழைய மதிப்பையும் அழியுங்கள்.

தேதி?

மொபைலில் அந்தந்த போனின் தேதிப் பெட்டியே போதும். கையால் எழுத விட்டால் ஒன்று மட்டும்: ஜாவாஸ்கிரிப்ட்டிடம் 2024 பிப்ரவரி 30 என்று கொடுத்தால் மறுக்காது, மார்ச் 1 ஆக்கிக்கொள்ளும். உருவாக்கிய தேதியின் நாளும் மாதமும் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று திரும்பப் பாருங்கள். முகூர்த்த நாளில் விளையாட முடியாது. தேதியை நேரத்தோடு சேமிக்காதீர்கள். அமெரிக்காவில் இருந்து மண்டபம் பதிவு செய்கிறவருக்கு ஒரு நாள் முன்னால் காட்டும்.

வெப், மொபைல் இரண்டுக்கும் ஒரே காம்பொனென்ட் முடியுமா?

ரியாக்டும் ரியாக்ட் நேட்டிவும் என்றால் விதி, மொழிக் கோப்பு, படிவ நிலை இவை பொது. சட்டமும் கட்டுப்பாடும் தனித்தனி, ஏனென்றால் நேட்டிவில் எச்டிஎம்எல் கிடையாது. இரண்டுக்கும் ப்ராப்ஸ் பெயரை மட்டும் ஒன்றாக வையுங்கள். திரைகளை எழுதுகிறவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்ற நினைப்பே வரக்கூடாது.

வெப் ஒரு மொழி, ஆப் ஃப்ளட்டர் என்றால் விதியை இரண்டு தடவை எழுதித்தான் ஆகவேண்டும். ஃப்ளட்டரின் டெக்ஸ்ட்ஃபார்ம்ஃபீல்டில் வேலிடேட்டர் நல் திருப்பினால் சரி, சரம் திருப்பினால் அதுதான் எர்ரர். எங்கள் கோளாறுப் பெயரை அங்கே வாசகமாக மாற்றும் ஒரு சின்ன பாலம் போதும். இரண்டு நகலும் ஒன்றுபோல் நடக்கவேண்டுமே? அதற்கு நாங்கள் பகிர்வது சோதனைப் பட்டியல். ஒரு ஜேசான் கோப்பு (எந்த நிரலும் படிக்கக்கூடிய எளிய பட்டியல்): இந்த மதிப்பு கொடுத்தால் இந்த விடை. ஜாவாஸ்கிரிப்ட், டார்ட், சர்வர் மூன்றும் அதே கோப்பை ஓட்டும்.

சர்வரிலும் சரிபார்க்கவேண்டுமா?

கட்டாயம். பெட்டியைத் தாண்டி நேராகச் சர்வரின் வாசலான ஏபிஐயைக் கூப்பிட யாராலும் முடியும். முகப்பில் கேட்பது வந்தவரின் வசதிக்கு, வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) விடும் முன் கேட்பது வீட்டின் பாதுகாப்புக்கு.

இரண்டும் ஒரே விடை சொல்கிறதா என்றும் பாருங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இலக்கங்களைக் குறிக்கும் பின்சாய்வு-டி (\d) ஜாவாஸ்கிரிப்ட்டில் 0 முதல் 9 வரைதான். பைத்தான் 3இல் அது ௧, ௨, ௩ போன்ற தமிழ் இலக்கங்களையும் ஏற்கும். பிரவுசர் மறுப்பதைச் சர்வர் வரவேற்கும். யார் தமிழ் இலக்கத்தில் பின்கோடு எழுதுவார்கள் என்று கேட்காதீர்கள். எழுதினார்கள்.

சர்வர் திருப்பி அனுப்பும் எர்ரர், பெட்டியின் பெயரோடு வரட்டும். அதே சட்டத்தில், அதே வரியில் காட்டலாம். எழுதியது எதையும் அழிக்காதீர்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இருந்து முழு விலாசத்தையும் இரண்டாம் முறை யாரும் எழுதமாட்டார்கள்.

ஜிஎஸ்டி எண், ஐஎஃப்எஸ்சி போன்றவை?

ஜிஎஸ்டி எண் 15 இடம்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாடு 33), அடுத்த 10 பான் எண், கடைசி இடம் சரிபார்ப்புக்கான எழுத்தோ இலக்கமோ. ஜிஎஸ்டி வாங்கிவிட்டால் பான் எண்ணைத் தனியாகக் கேட்காதீர்கள், அதற்குள்ளேயே இருக்கிறது. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி 11 இடம், ஐந்தாவது எப்போதும் சைபர். அந்த இடத்தில் ஆங்கில ஓ-வைத் தட்டுகிறவர்கள் நிறைய. சுத்தம் செய்யும் படியிலேயே அதைச் சைபராக்கிவிடுங்கள், எதற்கு ஒரு சண்டை?

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்ன செய்யவேண்டும்?

இதைச் சட்டத்துக்குள் ஒருமுறை செய்துவிட்டால் எல்லாப் பெட்டிக்கும் கிடைத்துவிடும், ஒரே இடத்தில் எழுதுவதன் பெரிய லாபமே இதுதான். லேபிள் பெட்டியோடு ஐடி மூலம் கட்டப்பட்டிருக்கவேண்டும் (ரியாக்ட் 18 முதல் யூஸ்ஐடி இருக்கிறது). எர்ரர் வரி ஏரியா-டிஸ்கிரைப்ட்பை வழியாகப் பெட்டியோடு இணைந்திருக்கவேண்டும், தப்பானால் ஏரியா-இன்வேலிட் ஏறவேண்டும். டாக்பேக் (ஆண்ட்ராய்டில் திரையை வாசித்துச் சொல்லும் வசதி) அப்போது பெட்டியோடு சேர்த்து எர்ரரையும் படிக்கும். சிவப்பு மட்டும் போதாது, வாசகமும் வேண்டும். பிளேஸ்ஹோல்டரை (பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் எழுத்தை) லேபிளாக வைக்காதீர்கள். தட்டத் தொடங்கியதும் கேள்வி மறைந்தால் என் அம்மாவே "இதில் என்ன கேட்டான்?" என்று எல்லாவற்றையும் அழித்துப் பார்ப்பார்.

தமிழ் லேபிள் நீளமாக வரும். ஒரே வரியில் அடக்க வெட்டாதீர்கள், இரண்டு வரி ஆகட்டும். வரி உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள், கீ, கூ எல்லாம் மேலும் கீழும் நறுக்கப்படாமல் இருக்கும்.

லைப்ரரி வைக்கலாமா?

வைக்கலாம். ரியாக்ட் ஹுக் ஃபார்ம் படிவ நிலைக்கு, ஸாட் விதிக்கு, இரண்டும் எங்களிடம் ஓடுகின்றன. ஆனால் அவை உங்கள் பெட்டிக்குப் பின்னால் இருக்கட்டும். திரைகள் உங்கள் பெட்டியை மட்டும் கூப்பிடட்டும். பிறகு லைப்ரரி மாற்ற ஒரு நாள் போதும்.

எதையெல்லாம் போட்டுச் சோதிப்பீர்கள்?

மேலே சொன்ன ஜேசான் கோப்பு கற்பனையில் வந்தது அல்ல. எப்போதெல்லாம் யாராவது மாட்டிக்கொண்டார்களோ, அப்போதெல்லாம் ஒரு வரி சேர்ந்தது. சிங்கப்பூர் எண், முன்னால் இரண்டு சைபர், "630 001", இரண்டு கொ, "1,25,000", வெறும் இடைவெளி மட்டும் உள்ள பெயர், மூன்று இனிஷியல். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அந்தக் கோப்பைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

கடைசியாகச் சேர்ந்த வரி மொத்த ஆர்டர் படிவத்தில் வந்தது. கல்யாணத்துக்கு எத்தனை அதிரசம் என்ற பெட்டியில் ஒருவர் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தார். எண் மட்டும் என்று தடுத்தோம், அவர் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆச்சிதான் சொன்னார், கல்யாண வீட்டில் எண்ணிக்கை முதல் நாளே யாருக்குத் தெரியும் என்று. இப்போது அந்தப் பெட்டிக்குக் கீழே "எண்ணிக்கை பிறகு சொல்கிறேன்" என்று ஒரு டிக் இருக்கிறது. அதைத் தட்டினால் எண்ணிக்கை கட்டாயம் இல்லை, போன் எண் மட்டும் கட்டாயம்.